சாலாமிசிரிக் கிழங்கும் அதன் வேருக்குள் வாழும் பூசணமும்

உத்திரமேரூர் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவர், மயிலாப்பூரில் நடந்த உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு வந்தவர், அடையாற்றில் உள்ள என் வீட்டிற்கும் வந்திருந்தார். இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உள்ளவர். நிலக்கடலை, மிளகாய், கத்தரி பயிர் செய்பவர். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே சுருங்கிக் காய்ந்த ஒரு கிழங்கு. குழந்தையின் கை விரல்களைப் போல நான்கைந்து கிளைகள் அதில் இருந்தன.

"ஐயா, இது விலை உயர்ந்த மூலிகையாம். அரை ஏக்கருக்கு விதைக்கிழங்கு தருகிறேன், விளைச்சலை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்கிறார். முன்பணம் நாற்பதாயிரம் கேட்கிறார். வீட்டில் இருக்கிற வளையலை அடகு வைக்கலாமென்று பார்க்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்" என்றார்.

கிழங்கின் உருவத்தைப் பார்த்ததும் எனக்கு ஓரளவு விளங்கிவிட்டது. ஆனாலும் சந்தேகம் தீர வேண்டுமே. இருவரும் மயிலாப்பூருக்குத் திரும்பினோம். மாட வீதியை ஒட்டிய ஒரு நாட்டு மருந்துக் கடையில் அதைக் காட்டினோம். கடைப் பெரியவர் கையில் வாங்கியவுடன், "இது சாலாமிசிரிங்க. கை மாதிரி இருக்கிறதாலே சாலம் பஞ்சான்னும் சொல்லுவாங்க. வடக்கே மலையிலேருந்து வருது" என்றார்.

"இது முளைக்குமா?" என்று நம் நண்பர் கேட்டார்.

பெரியவர் சிரித்துவிட்டார். "வேகவைச்சுக் காயவைச்ச சரக்கு எங்கேயாவது முளைக்குமா?"

இவ்வகைக் கிழங்குகளைத் தோண்டியதும் கொதிநீரில் இட்டு, உயிர்ப்பை அடக்கி, பிறகு உலர்த்துவதே வழக்கம். அப்படி உலர்த்திய கிழங்கை நட்டால் மண்ணோடு மண்ணாக மட்கும், அவ்வளவுதான். நாற்பதாயிரம் ரூபாய்க்கு இந்த ஒரு பதிலே போதும். ஆனால் நண்பர் விடவில்லை. "காயாத கிழங்கு கிடைத்தால்? விதை கிடைத்தால்? நிழல்வலைக் குடில் போட்டால்?" என்று அடுக்கிக்கொண்டே போனார். நியாயமான கேள்விகள். அவற்றிற்கு நான் சொன்ன பதிலை எல்லா உழவர் பெருமக்களும் அறிந்துகொள்வது நல்லது என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

இது என்ன செடி?

சாலம் பஞ்சா ஒரு ஆர்க்கிட் வகைச் செடி. தாவர நூலார் இதனை டாக்டிலோரைசா ஹடாகிரியா என்பர். இமயமலையில் 2,500 மீட்டர் உயரத்திற்கு மேலுள்ள குளிர்ந்த புல்வெளிகளில் தானாக வளர்வது. ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்களைக் கதிர் போலத் தாங்கும். அதன் கிழங்கு மருந்துக்கும் சத்து மாவுக்கும் வெகு காலமாகத் தோண்டப்பட்டு வருகிறது.

இச்செடி ஒவ்வொரு பருவத்திலும் பழைய கிழங்கின் பக்கத்தில் புதிய கிழங்கு ஒன்றை உண்டாக்கும். அடுத்த ஆண்டுச் செடி அதிலிருந்துதான் வரவேண்டும். தோண்டுபவர் இரண்டையும் எடுத்துவிடுகிறார். விதை முற்றுவதற்கு முன்பே தோண்டிவிட்டால் அந்தச் செடியின் வம்சமே அங்கு முடிந்துவிடும். இவ்வாறு குறைந்து குறைந்து, 2022-ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் இதனை அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று சேர்த்தது. நேபாள நாட்டில் இதைக் காட்டிலிருந்து சேகரிக்கத் தடை விதித்திருக்கிறார்கள்.

குளிர்ந்த மலையின் செடி நம் சமவெளி வெயிலில் வராது என்பது முதல் காரணம். அதைவிட முக்கியமான காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. இந்தச் செடி தனியாகப் பிறப்பதும் இல்லை, தனியாக வாழ்வதும் இல்லை. அதன் வேருக்குள் ஒரு பூசணம் குடியிருக்கிறது. அது இல்லாமல் காட்டில் ஒரு விதைகூட நாற்றாகாது.

விதையா, தூசியா?

ஒரு நெல்மணியை எடுத்துக்கொள்வோம். அதன் எடை சுமார் 20 முதல் 25 மில்லிகிராம். அதில் பெரும்பகுதி மாவுச்சத்து. முளை வெளிவந்து, பச்சை இலை விட்டு, வெயிலில் தன் உணவைத் தானே தயாரிக்கும் வரை அந்த மாவுதான் குழந்தைக்குத் தாய்ப்பால். நிலக்கடலையிலும் துவரையிலும் பருப்பு அந்த வேலையைச் செய்கிறது. அதனால்தான் பொக்கு விதையை நீக்கி, திரட்சியான விதையாகத் தேர்ந்தெடுத்து விதைக்கிறோம்.

ஆர்க்கிட் விதைக்கு இந்தக் கட்டுச்சோறு கிடையாது. அது தூசி போன்றது. ஆர்க்கிட் குடும்பத்திலேயே கனமான விதையும் ஒரு மில்லிகிராமில் நாற்பதில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. பல இனங்களின் விதைகள் அதிலும் பத்தில் ஒரு பங்குதான். ஒரு நெல்மணியின் எடைக்குப் பல ஆயிரம் ஆர்க்கிட் விதைகள் தேவைப்படும். ஒரே காய்க்குள் ஆயிரக்கணக்கிலும், சில இனங்களில் லட்சக்கணக்கிலும் விதைகள் இருக்கும். காய் வெடித்தால் புகை போலக் காற்றில் பறந்துவிடும்.

இத்தனை விதையிருந்தும் காட்டில் ஆர்க்கிட் அருகிப்போவது ஏன்? விதை விழுந்த இடத்தில் சரியான பூசணம் இருந்தால்தான் அது பிழைக்கும். பூசணத்தின் மெல்லிய இழை விதைக்குள் நுழைந்து, மண்ணில் மட்கும் இலை, கட்டை முதலியவற்றிலிருந்து எடுத்த சர்க்கரைச் சத்தையும் மற்ற சத்துக்களையும் அதற்கு ஊட்டும். அதன்பின்தான் விதை பருத்து, கடுகினும் சிறிய உருண்டையாக மாறி, பிறகு இலையும் வேரும் விடும். பூசணம் வந்து சேராத விதை கையிருப்பு இல்லாததால் பட்டினியில் மடியும்.

வேருக்குள் நூல்கண்டு

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், மாணவனாக இருந்தபோது, ஆர்க்கிட் வேர் ஒன்றை மெல்லியதாகச் சீவி, நீலச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் முதன்முறையாகப் பார்த்தேன். வேரின் தோலுக்கு உட்புறத்தில், தேன்கூட்டு அறைகளைப் போன்ற செல்களுக்குள், நீல நூல்கண்டுகள் சுற்றி வைத்தாற்போல் இருந்தன. அவைதான் பூசண இழைகள். சில அறைகளில் கண்டு புத்தம் புதிதாக இருந்தது. பக்கத்து அறைகளில் அது கசங்கி உருக்குலைந்து கிடந்தது.

கசங்கிக் கிடப்பது எதனால் தெரியுமா? செடி அதனைச் செரித்துவிட்டது. பூசணம் வேருக்குள் வந்து கண்டாகச் சுருள்கிறது. செடி அந்தக் கண்டைச் சில நாட்களில் செரித்து அதிலுள்ள சத்தை எடுத்துக்கொள்கிறது. மீண்டும் புதிய இழை நுழைகிறது, மீண்டும் கண்டு சுற்றுகிறது. பூசணத்தை வரவிட்டும், எல்லை மீறாமல் அடக்கியும், செடி இந்தக் குடித்தனத்தை நடத்துகிறது.

பூசணத்திற்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நாற்றுப் பருவத்தில் கொடுப்பதெல்லாம் பூசணம்தான். செடி வளர்ந்து பச்சை இலை விட்டபின், தான் தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கைப் பூசணத்திற்குத் திருப்பித் தருவதைச் சில ஆர்க்கிட் இனங்களில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வறட்சியில் வாங்கிய விதைக்கடனை அறுவடையில் அடைப்பது போல என்று சொல்லலாம்.

கண்டுபிடித்தவர் ஒரு பிரெஞ்சு இளைஞர்

ஆர்க்கிட் விதையை எப்படி முளைக்க வைப்பது என்பது ஐரோப்பியத் தோட்டக்காரர்களுக்கு வெகு காலம் புதிராகவே இருந்தது. தாய்ச்செடியின் தொட்டி மண்ணில் விதையைத் தூவினால் சில சமயம் முளைக்கும். புதிய மண்ணில் தூவினால் முளைக்காது. காரணம் தெரியவில்லை.

1899-ல் பிரான்சு நாட்டில் நோயல் பெர்னார் என்ற இளைஞர் ராணுவப் பயிற்சியில் இருந்தார். ஃபாண்டன்புளோ காட்டில், சருகுக்கு அடியில் புதைந்து கிடந்த ஒரு ஆர்க்கிட் தண்டும் காய்களும் அவர் கண்ணில் பட்டன. காய்க்குள்ளேயே விதைகள் முளைத்திருந்தன. அந்த முளைகள் ஒவ்வொன்றிலும் பூசணம் இருந்தது. பூசணம் வந்ததால்தான் விதை முளைத்தது என்று அவர் கண்டுகொண்டார். தாய்ச்செடியின் தொட்டி மண்ணுக்கு இருந்த ராசி அதிலிருந்த பூசணத்தின் ராசிதான்.

1922-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்ஸன், சர்க்கரையும் உப்புச் சத்துக்களும் கலந்த பாசிக்கூழில், பூசணம் இல்லாமலே ஆர்க்கிட் விதையை முளைக்க வைத்துக் காட்டினார். பூசணம் கொடுத்துவந்த உணவைக் கண்ணாடிக் குடுவையில் சர்க்கரை கொடுத்தது. 1960-ல் பிரான்சின் ஜார்ஜ் மொரல், செடியின் நுனிக் குருத்தைக் குடுவையில் வளர்த்து ஆர்க்கிடுகளைப் பெருக்கும் வழியைக் காட்டினார்.

இன்று தியாகராய நகர்த் திருமண மண்டபங்களில் மேடையை அலங்கரிக்கும் ஊதா நிற டெண்ட்ரோபியம் பூக்கள் இந்தக் குடுவை வழியில் வந்த ரகங்களின் பூக்கள். அவை வணிகத்திற்கென்று ஒட்டுச் சேர்த்து உண்டாக்கப்பட்டவை. தொட்டியில், நிழல்வலைக் குடிலில், தண்ணீரும் உரமும் தவறாமல் கொடுத்து வளர்க்கப்படுபவை. அதைக் காட்டி, காட்டு ஆர்க்கிடையும் அப்படியே வயலில் வளர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குடுவையில் சர்க்கரை தின்று வளர்ந்த நாற்றைக் காட்டு மண்ணில் நட்டால், அங்கே சர்க்கரை கொடுப்பார் யாரும் இல்லை. தனக்குரிய பூசணத்தோடு உறவு ஏற்பட்டால் ஒழிய அது நிலைப்பது கடினம்.

இதனால்தான் சாலம் பஞ்சாவைக் காப்பாற்ற முயன்றவர்கள் பூசணத்தின் துணையை நாடினார்கள். விதையுடன் பூசணத்தைச் சேர்த்து முளைக்க வைத்து, அந்த நாற்றுகளை மீண்டும் இயற்கைச் சூழலில் நட்ட முயற்சி 2010-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. இந்தியத் துணைக்கண்டத்தில் இத்தகைய முயற்சியில் இதுவே முதலாவது என்று அக்கட்டுரை குறிப்பிட்டது. செடியைக் காக்க வேண்டுமானால் அதன் பூசணத்தையும், பூசணம் வாழும் மண்ணையும் சேர்த்தே காக்கவேண்டும் என்பது இதன் பாடம்.

நம் மலையில் ஒன்று, நம் மாமரத்தில் ஒன்று

இமயமலைக் கதை நமக்கெதற்கு என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் 1,256 ஆர்க்கிட் இனங்கள் உள்ளன என்று இந்தியத் தாவரவியல் அளவைத் துறை 2019-ல் வெளியிட்ட நூல் கணக்கிட்டது. அவற்றில் 388 இனங்கள் இந்தியாவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. நம் திருநெல்வேலிப் பக்கத்து அகத்தியமலைத் தொடரில் பாபியோபெடிலம் ட்ரூரியை என்ற ஆர்க்கிட் உண்டு. செருப்பின் முனை போன்ற பையுடன் மஞ்சள் நிறத்தில் பூப்பது. தென்னிந்தியாவில் அந்தப் பேரினத்தைச் சேர்ந்தது இது ஒன்றுதான். அழகுக்காகச் செடி சேகரிப்போர் வேரோடு அள்ளிச் சென்றதால், இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பேரினம் முழுவதையும் காட்டிலிருந்து எடுத்து நாடு விட்டு நாடு விற்பது சைட்டிஸ் என்னும் சர்வதேச ஒப்பந்தப்படி தடை செய்யப்பட்டுள்ளது. அள்ளிச் சென்ற செடிகள் மலை மண்ணையும் அதன் பூசணத்தையும் இழந்தே சென்றன.

சமவெளியில் மாமரம் முதலிய மரங்களின் கிளைகளில் ஒட்டி வளரும் வாண்டா டெஸ்ஸலேட்டா என்ற ஆர்க்கிட் இருக்கிறது. தடித்த வெண்ணிற வேர்கள் பட்டையைப் பற்றியிருக்கும். இலை நீண்டு மடிந்திருக்கும். இதைக் கண்டதும் புல்லுருவி என்று எண்ணிச் செதுக்கி எறிபவர்கள் உண்டு. இரண்டும் வேறு. புல்லுருவி மரத்தின் கிளைக்குள் உறிஞ்சி வேரைச் செலுத்தி நீரையும் சத்தையும் திருடும். அதைக் கிளையோடு வெட்டுவது சரி. ஆர்க்கிட் பட்டைமேல் உட்காருமே தவிர மரத்தை உறிஞ்சாது. அதன் விதைக்கும் பட்டையில் வாழும் பூசணமே செவிலி. அது உங்கள் மரத்தில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இலையுறைக் கருகலின் பங்காளி

ஆர்க்கிட் வேர்களில் பெரும்பாலும் காணப்படும் பூசணங்கள் துலாஸ்னெல்லா, செரடோபாசிடியம், செரண்டிபிட்டா ஆகிய வகைகளைச் சேர்ந்தவை. இவற்றை ஒரு காலத்தில் ரைசோக்டோனியா என்ற பொதுப்பெயரால் அழைத்தார்கள். இந்தப் பெயர் உழவர்களுக்குப் பழக்கமானதுதான். நெல்லில் இலையுறைக் கருகல் நோயை உண்டாக்குவது ரைசோக்டோனியா சொலானி. செரடோபாசிடியமும் அதுவும் ஒரே குடும்பம். ஒரு பங்காளி நெற்பயிரைக் கருக்குகிறான். மற்றொரு பங்காளி ஆர்க்கிட் குழந்தைக்குப் பாலூட்டுகிறான்.

ஆகவே பூசணம் என்றாலே நோய் என்று எண்ணுவது தவறு. நம் சென்னையில் இந்த இரு முகங்களும் ஆராயப்பட்டிருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் பேராசிரியர் டி.எஸ். சதாசிவன் மண்ணிலிருந்து வேர் வழியே பருத்தியைத் தாக்கும் வாடல் நோய்ப் பூசணத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அது பகை முகம். செடிக்குத் தீங்கு செய்யாமல் உள்ளேயே குடியிருக்கும் பூசணங்களை, மயிலாப்பூர் ராமகிருஷ்ண மிஷன் வித்யாபீடத்திலுள்ள விவேகானந்தா வெப்பமண்டலப் பூசணவியல் நிறுவனத்தில் பேராசிரியர் டி.எஸ். சூரியநாராயணனும் அவர் குழுவினரும் ஆராய்ந்தார்கள். அருணாசலப் பிரதேச ஆர்க்கிடுகளில் குடியிருக்கும் பூசணங்களைப் பற்றி 2016-ல் இங்கிருந்து ஒரு கட்டுரையும் வெளியாயிற்று. சாலாமிசிரி விற்கும் அதே மயிலாப்பூரில்தான் இந்த ஆராய்ச்சியும் நடந்தது.

இன்னொரு செய்தி. ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில், சீமைக் கருவேல், இலந்தை வகைச் செடிகளின் வேர் மண்ணிலிருந்து அஜித் வர்மா குழுவினர் ஒரு பூசணத்தைப் பிரித்தெடுத்து 1998-ல் அறிவித்தார்கள். செரண்டிபிட்டா இண்டிகா என்பது அதன் இன்றைய பெயர். ஆர்க்கிட் வேர்ப் பூசணங்களுக்கு நெருங்கிய உறவான இது, பல பயிர்களின் வேரிலும் குடியேறி வளர்ச்சிக்கு உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டின. நம் வேலியோரத்துக் கருவேலின் வேரிலும் நமக்கு வேண்டிய கூட்டாளி இருக்கக்கூடும்.

உங்கள் பயிரின் வேரில் யார்?

ஆர்க்கிடின் பூசணம் வேறு, நம் பயிர்களின் பூசணம் வேறு. ஒன்றை மற்றொன்றுக்கு இட்டுப் பயனில்லை. ஆனால் உறவு ஒரே மாதிரியானது. நிலக்கடலை, மிளகாய், தக்காளி, கத்தரி, வெங்காயம், சோளம், மக்காச்சோளம், பருத்தி, வாழை ஆகிய பயிர்களின் வேரில் குடியிருப்பது வேர் உட்பூசணம். வேம் என்றும் சொல்வோம். வேர் எட்டாத இடத்திற்கும் இதன் இழைகள் பரவி, மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து கொடுக்கும். முட்டைக்கோசு, காலிபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகியவற்றின் வேரில் இது வாழ்வதில்லை. அவற்றிற்கு வாங்கி இடவேண்டாம்.

வேர் உட்பூசணத்தை இடும் முறை:

நாற்றங்கால்: ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம். விதைக்கும்போது மண்ணில் 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் படும்படி இடவேண்டும்.

பாலிதீன் பை நாற்று: பைக்கு 5 முதல் 10 கிராம்.

வளர்ந்த மரம்: மரத்திற்கு 200 கிராம், வேர்ப்பகுதியில்.

விலை கொடுத்து வாங்குவதோடு நில்லாமல், கொஞ்சம் வாங்கிப் பெருக்கிக்கொள்ளவும் வழியுண்டு. வேர் உட்பூசணம் உயிருள்ள வேரில்தான் பெருகும் என்பதால் இதற்கு மக்காச்சோளத்தை உபயோகிக்கிறோம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழத்தில் குழி எடுத்துக் கறுப்புப் பாலிதீன் தாளை விரிக்க வேண்டும். 50 கிலோ வெர்மிகுலைட்டுடன், கிருமி நீக்கிய மண் 5 கிலோ கலந்து 20 செ.மீ. உயரத்திற்கு நிரப்ப வேண்டும். மேற்பரப்பிலிருந்து 2 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஒரு கிலோ தாய்ப்பூசணத்தைப் பரப்பி, மக்காச்சோளத்தை விதைக்க வேண்டும். விதைக்கும்போது குழிக்கு யூரியா 2 கிராம், சூப்பர் பாஸ்பேட் 2 கிராம், பொட்டாஷ் 1 கிராம் போதும். 30-ஆம் நாளும் 45-ஆம் நாளும் யூரியா 10 கிராம் வீதம் இடலாம். 60-ஆம் நாள் செடிகளைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு, வேரைத் துண்டுகளாக்கி, குழியிலுள்ள கலவையோடு சேர்த்து எடுக்க வேண்டும். ஒரு குழியில் 55 கிலோ கிடைக்கும். இது 550 சதுர மீட்டர் நாற்றங்காலுக்குப் போதுமானது. அக்கம்பக்கத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து செய்தால் செலவு குறையும்.

இருக்கும் பூசணத்தை அழிக்காமலிருப்பது அதைவிட முக்கியம்.

1. கார்பென்டசிம் போன்ற பூசணக்கொல்லிகளை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் நிலம் முழுவதும் வேரில் ஊற்ற வேண்டாம். அவை நண்பனையும் சேர்த்து அடக்கும். நோய் கண்ட இடத்தில், சிபாரிசு செய்த அளவில் மட்டும் உபயோகியுங்கள்.

2. மணிச்சத்து உரத்தை மண் பரிசோதனைப்படி இடுங்கள். மணிச்சத்து மிதமிஞ்சி இருக்கும் மண்ணில் வேர், பூசணத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை.

3. நிலத்தை நீண்ட நாள் வெறுமனே போடாதீர்கள். வேர் இல்லையேல் வேர் உட்பூசணமும் குறையும். கோடையில் கொஞ்சம் ஈரம் கிடைத்தாலும் தட்டைப்பயறோ சோளமோ விதைத்து வையுங்கள்.

4. அவசியமில்லாத உழவைத் தவிருங்கள். மண்ணில் பின்னிக் கிடக்கும் இழைகள் ஒவ்வொரு உழவிலும் அறுபடுகின்றன.

முன்பணம் கொடுக்கும் முன்

திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்ற வாக்குறுதியோடு புதிய மூலிகையை யார் கொண்டுவந்தாலும் சில கேள்விகளைக் கேளுங்கள். கொடுக்கும் விதைப்பொருள் உயிருள்ளதா? பத்துக் கிழங்கை இலவசமாகக் கொடுத்து முளைப்பைக் காட்டுவார்களா? உங்கள் மாவட்டத்தில், உங்கள் மண்ணில், அதை விளைவித்து விற்ற ஒரு விவசாயியையாவது நேரில் காட்டுவார்களா? ஒப்பந்தம் எழுத்தில் உள்ளதா? அழியும் ஆபத்திலுள்ள இனமானால், அது காட்டில் தோண்டியதல்ல என்பதற்குச் சான்று உண்டா? சான்று இல்லாத சரக்கை வைத்திருந்தால், பணம் போவதோடு சட்டச் சிக்கலும் உங்கள் தலையில் விழக்கூடும்.

சந்தேகம் வந்தால் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரியுங்கள். கிசான் அழைப்பு மையத்திற்கு 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

நம் உத்திரமேரூர் நண்பர் மாலைப் பேருந்துக்குப் புறப்படும்போது அந்தக் கிழங்கை மீண்டும் பொட்டலமாகக் கட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இதைத்தான் வேண்டாமென்று சொல்லியாயிற்றே?" என்றேன்.

"நடுவதற்கு இல்லை ஐயா. நாளைக்கு அவர் முன்பணம் வாங்க வீட்டுக்கு வருகிறார். கிழங்கு இங்கே இருக்கிறது, இதன் பூசணம் எங்கே என்று கேட்க வேண்டும்" என்றார்.

கேட்கவேண்டிய கேள்விதான். வளையல் வீட்டில் இருக்கட்டும். மிளகாய் நாற்றங்காலுக்கு ஒரு கிலோ வேர் உட்பூசணம் வாங்கினால் போதும்.